நான் போட்ட முடிச்சு

கடந்த வருடம், சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தபோது நடந்தது. நான் நாரந்தனையிலிருந்து சைக்கிளில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போய், காலைப் படகேறி அனலைதீவுக்குப் படிப்பிக்கப் போகிறவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு நான் ஒருத்திதான். அந்தப் படகை விட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சைக்கிளின் முன்சில்லு இறுகத் தொடங்கியது. புறப்படும்போது நன்றாகத்தான் ஓடும். கொஞ்சத் தூரம் போனதும் பாரமாகும், பிறகு அசையவே அசையாது. முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி பின்சில்லில் உருட்ட வேண்டும். சேலையும் புத்தகப் பையும் எதிர்க்காற்றுமாக, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு போவேன்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் படகுக்கு ஓடினேன். மாலையில் எடுக்கும்போது, "ரீச்சர், ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினார். "பிறகு சொல்லுங்கோ அண்ணை" என்று ஏறி மிதித்துவிட்டேன். இரண்டு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடியும் விட்டேன், மறுபடியும் இறுகியது.

போதாக்குறைக்கு முன்சில்லுக்கு மேலிருக்கும் மட்காட் வேறு கடகடத்தது. அதன் ஆணி எப்போதோ விழுந்துபோக, நான்தான் அதன் கம்பியைச் சில்லின் அச்சுக்குப் பக்கத்தில் தங்கூசியால் கட்டியிருந்தேன். கடல்தொழில் செய்கிற வீட்டில் கழன்றது எதுவானாலும் அந்த நைலோன் நூல்தான் மருந்து. வழுக்கும் என்பதால் நுனியை நீளமாக விட்டுக் கட்டுவேன். அந்தக் கட்டைக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அறுத்திருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினேன்.

மூன்றாம் முறை நான் உருட்டிக்கொண்டு வந்து சேர, படகு போய்க்கொண்டிருந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேரே கடைக்குப் போய், ஆட்கள் நிற்பதையும் பாராமல் கத்தினேன்.

"எத்தினை தரம் திருத்தியும் சில்லு இறுகுது. அது காணாதெண்டு என்ர கட்டையும் அறுத்து விடுறியள். இதென்ன வேலை அண்ணை?"

அவர் சைக்கிளைக் கவிழ்த்து, குறட்டால் அச்சடியில் பிடித்து இழுத்தார். கண்ணாடிபோல ஒரு நூல் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"உங்கட முடிச்சின்ர வால்தான் உள்ளுக்கை போய்ச் சுத்துது ரீச்சர். நான் அறுக்கிறன், நீங்கள் கட்டுறியள்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தனான். நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

பக்கத்தில் நின்ற ஒருவர், "கணக்குப் படிப்பிக்கிற ரீச்சரோ?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றேன்.

மட்காட்டுக்கு ஒரு சின்ன ஆணி பூட்டித் தந்தார். இன்றுவரை சில்லு இறுகவில்லை. யாராவது "ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினால், எவ்வளவு அவசரத்திலும் ஒரு நிமிடம் நிற்கிறேன். நான் நிற்காத அந்த ஒரு நிமிடத்துக்காக, என் வகுப்புப் பிள்ளைகள் அன்றைய கணிதப் பாட நேரம் முழுக்க வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.