வெள்ளை நாடா சுற்றிய பிள்ளைகள்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில்தான் உடற்கல்வி ஆசிரியை டயர் மாஸ்டரை முதன்முதலில் சந்தித்தார். சந்தித்தார் என்பதைவிடச் சண்டைக்குப் போனார் என்பதே பொருந்தும். மல்யுத்த அணியில் இருந்த பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி முந்தைய நாள் மாலைப் பயிற்சியில் மயங்கி விழுந்திருந்தாள். விசாரித்தால், விடியற்காலையிலேயே டயர் மாஸ்டரின் மன்றத்தில் இரண்டு மணி நேரம் புரண்டுவிட்டு வந்தவளாம். அது தெரியாமல் ஆசிரியை அவளை மைதானத்தில் எட்டுச் சுற்று ஓடவைத்திருந்தார்.

மன்றம் என்பது டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. காலையில் அங்கே சிறுவர் சிறுமியர்க்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர், பகலில் அதே கடையில் பஞ்சர் ஒட்டினார். பல ஆண்டுகள் மல்யுத்தப் பிடிகளில் நசுங்கிய அவர் காதுகள் பிசைந்து வைத்த மாவைப்போல் தடித்திருந்தன. ஆசிரியை பொரிந்து தள்ளியதையெல்லாம், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே அவர் கேட்டுக்கொண்டார்.

“நீங்க ஓடவிட்டீங்க, நான் உருளவிட்டேன். ரெண்டு பேரும் நல்லதுதான் செஞ்சோம் டீச்சர். புள்ளதான் விழுந்துடுச்சு.”

அன்றே ஓர் ஏற்பாடு பிறந்தது. காலையில் மன்றத்தில் பயின்ற பிள்ளையின் இடது மணிக்கட்டில் மாஸ்டர் ஒரு வெள்ளை நாடாவைச் சுற்றி அனுப்புவார். நாடா கட்டிய பிள்ளையை ஆசிரியை மாலையில் உட்காரவைத்து, வேடிக்கை பார்க்க மட்டும் விடுவார். ஒரு வாரத்துக்குள் சோம்பேறிகள் எல்லாரும் தாங்களே நாடா சுற்றிக்கொண்டு வந்தார்கள். அதன்பின் மாஸ்டர் நாடாவின்மேல் பஞ்சர்ப் பசையால் ஒரு பொட்டு வைக்கத் தொடங்கினார். அந்த நாற்றத்துக்கு மட்டும் போலி செய்ய எவராலும் முடியவில்லை.

பதினான்கு ஆண்டுகள் இப்படியே ஓடின. மன்றத்தில் வளர்ந்தவர்கள் பள்ளி அணியில் சேர்ந்தார்கள். பள்ளியின் பெரிய மெத்தையில் சனிக்கிழமைதோறும் மன்றத்துப் பிள்ளைகள் பயின்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால், தலைமையாசிரியர் மாறும்போதெல்லாம் இருவரும் அறைவாசல் பெஞ்சில் காத்திருந்து, பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை மாஸ்டர் அந்தப் பெஞ்சிலேயே தூங்கிவிட்டார். ஆசிரியை எழுப்பவில்லை, அவருக்கும் கண்கள் சொக்கிக்கொண்டுதான் இருந்தன.

நான்காவதாக வந்த தலைமையாசிரியர் கதை கேட்கும் ஆளில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பதக்கங்கள் மன்றத்தின் பெயரில் போவதைக் கண்டு, வெளி மன்றத்துக்குப் போகும் மாணவர்க்குப் பள்ளி அணியில் இடமில்லை என்று சுற்றறிக்கை விட்டார். மன்றத்துப் பிள்ளைகளைக் கழித்தால் மிஞ்சியவர்கள் மூவர். மூவரை வைத்து அணியைப் பதிவு செய்ய முடியாது. இரண்டு மாதம் நடையாய் நடந்ததில் ஆசிரியையின் கால் தேய்ந்ததே மிச்சம்.

கடைசியில் மாஸ்டரே போய், மன்றத்தின் பெயரை இனி எந்தப் போட்டியிலும் பதிவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. வெற்றிகள் பள்ளியின் பெயருக்குப் போயின. மெத்தையோரத்தில் மன்றத்தின் பயிற்சியாளராக நாற்காலியில் அமரும் மாஸ்டரின் உரிமையும் அத்துடன் போயிற்று. அவர் மேல்வரிசையில், பார்வையாளரோடு பார்வையாளராக உட்கார்ந்தார்.

“இருந்த ஒரே சொத்தையும் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காரு, பாருங்கம்மா” என்றார் அவர் மனைவி. அது கேலியா நோவா என்று ஆசிரியைக்கு விளங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாஸ்டரின் முழங்கால்கள் இரண்டும் கைவிட்டன. கடை முதலாளி கொட்டகையில் டயர் அடுக்கத் தொடங்கினார். ஆசிரியைக்கு ஓய்வுபெற இன்னும் ஓராண்டு இருந்தது. இடுப்புவலியோடு எழுந்திருக்கும் காலைகளை அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்க்க வீட்டுக்குப் போனவர், அடுத்த போட்டியில் அவரை அந்த நாற்காலியில் உட்காரவைக்கத் தலைமையாசிரியரிடம் பேசட்டுமா என்று கேட்டார்.

“அதெல்லாம் வேணாம் டீச்சர். காலையில ஆறு மணிக்குப் பள்ளிக்கூட கேட்டைத் தொறந்து வைங்க, போதும். கொட்டகையில உருண்ட சின்னப் புள்ளைங்க பதினோரு பேர் வருவாங்க.”