மூடியில் தண்ணீர் கொடுத்தவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குறி சொல்கிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்கு ஒன்றும் கோபமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கொரோனா இரண்டாவது அலையில் என் தம்பி சரவணன் போய்விட்டான். ரம்ஜானுக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், உள்ளே யாரையும் விடவில்லை, கடைசியில் மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகம்கூடக் காட்டவில்லை. அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே புலம்பல்.

"வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த ஆளில்லாமப் போயிட்டானே."

சோறு பிசையும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

இப்படி ஆளைப் பறிகொடுத்தவர்கள் சிலர் ஞாயிறு மதியம் எங்கள் ஊரின் ஹப்சிகுடா பகுதியில் கூடி, நடந்ததைக் காமிக்ஸாக வரைகிறோம். வாயைத் திறந்தால் வராதது கட்டம் கட்டமாக வந்துவிடும், நம்புங்கள். நான் தம்பி இருந்த வார்டை வரைந்தேன். பார்த்ததே இல்லை, எல்லாம் கற்பனை. கடைசிக் கட்டத்தில் அவனைத் தனியாக விட மனசு வரவில்லை. அதனால் பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, பாட்டில் மூடியில் அவனுக்குத் தண்ணீர் ஊற்றுவதாகப் போட்டேன். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூல் கட்டியிருந்தது, இடது புருவத்தில் தழும்பு. ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்காதீர்கள், கை போட்டது.

பக்கங்களைச் சுவரில் ஒட்டி, தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டோம். ஊரின் இன்னொரு பகுதியான திருமுல்கேரியிலிருந்து ஒரு பெண் வந்தார், தலைமுறை தலைமுறையாக இந்தத் தெலுங்கு ஊரிலேயே இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். என் பக்கத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அத்தாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது, சும்மா வரைந்தது என்றேன். போனில் தன் அப்பாவின் படத்தைக் காட்டினார். நூல் கட்டிய கண்ணாடி, தழும்பு, அதே முகம். கை நடுக்கத்தில் டம்ளர் பிடிக்க முடியாமல் அவர் மூடியில்தான் குடிப்பாராம். அவரையும் சேர்த்திருந்தது அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். என் தம்பி தனியாக இல்லை, இவர் கூட இருந்திருக்கிறார்! அவனைச் சேர்த்த நாளைச் சொல்லி, அவனைப் பற்றி உங்கள் அத்தா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

அவர் என் கையை விட்டுவிட்டார்.

"இல்லம்மா. அத்தா நோன்புலயே மௌத்தாயிட்டாங்க. பெருநாளுக்கு எடுத்த சட்டை இன்னும் பிரிக்காமக் கெடக்குது."

தம்பியை அந்த வார்டில் சேர்ப்பதற்கு முன்பே அவர் இறந்துபோயிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா நான் வரைந்த அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் வாயில யாரு ஊத்தினாங்களாம்?"

நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. அம்மா இப்போது புலம்புவதில்லை, அந்தப் பெரியவருக்கும் ஒரு பக்கம் வரை என்று நச்சரிக்கிறாள். நானும் உட்காருகிறேன், கட்டம் போடுகிறேன், கட்டிலையும் அவரையும் வரைந்துவிடுகிறேன். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்கிறபோது கை நின்றுவிடுகிறது. இந்த முறை யார் முகம் வருமோ, அந்த முகத்தைத் தேடி எந்த வீட்டில் யார் அழுதுகொண்டிருக்கிறார்களோ.