வெயிலுக்குத் தைத்த சட்டை

இலங்கையின் கற்பிட்டிக் கரையில் உச்சி வெயிலுக்கு நாய்கூடத் தெருவில் நிற்காது. மணல் காலைச் சுடும். காய்கிற மீனின் வாடை காற்றோடு வந்து மூக்கில் ஏறி உட்காரும். அந்த வேளையில் தையல் மெசினை மிதித்தபடி நான் நிமிர்ந்தால், எதிர் வீட்டு வளவில் ஓர் இளம்பெண் முகத்திலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வெயிலுக்கு முகம் காட்டிப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைத் தலைமயிர், வெள்ளை இமை, பால் நிறத் தோல். முதல் நாள் யாரோ துரை வீட்டுப் பெண் என்று பயந்து எழுந்து நின்றுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அண்ணே, உங்கட மெசின் கத்துது. எனக்குப் பூசின எண்ணெயில மிச்சம் இருக்கு, கொண்டுவரவா?" என்றாள். பெயர் திரேசா. கருவாட்டு வாடியில் மீன் பிரட்டுகிற அக்னேசம்மாவின் ஒரே மகள்.

தூத்துக்குடியில் இதை வாசிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம் ஊரில் பெண் பிள்ளை முற்றத்தில் சற்று நின்றாலே, "கறுத்துப் போவே, உள்ளே வா" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவார்கள். நான் தோணியேறி இங்கு வந்து, ஒரு கடை விறாந்தையில் மெசினைப் போட்டபோது, பேச்சு முதல் சோறு வரை எல்லாம் கொஞ்சம் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். மகள் கறுக்கவேண்டும் என்று வெயிலில் வைக்கிற தாயை எதிர்பார்க்கவில்லை. ஏன் என்று அக்னேசம்மாவிடமே கேட்டேன். ரொட்டி சுடுகிற அடுப்பை வைத்துப் பதில் சொன்னாள்.

"பாணைப் போறணையில இருந்து முந்தி எடுத்தா வெள்ளையாத்தானே தம்பி இருக்கும்? இவள் அப்பிடி வேகாமப் பிறந்தவள். வெயில் காட்டக் காட்ட நிறம் பிடிக்கும்."

"பிடிச்சுதா?"

"பிடிக்கும்" என்றாள், சந்தேகமே இல்லாமல்.

பிடித்தது நிறமல்ல, கேடு. அதை அன்றைக்கே கண்டுகொள்ள எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் அக்கா மரியம்மாளும் இதே நிறந்தான். எங்கள் வீட்டில் அவள் உள்ளறையை விட்டு வெளியே வந்ததில்லை. விருந்தாளி வந்தால் அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். விடியுமுன் நடக்கும் பூசைக்கு மட்டும் தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய், இருட்டு விலகுமுன் திரும்பிவிடுவாள். மானம் போகக்கூடாதாம். அந்த அக்காவுக்கு நாற்பதை நெருங்கியும் தோலில் ஒரு புள்ளி கிடையாது. திரேசாவுக்கு அதில் பாதி வயதுதான். அவள் முன்கைகளோ தடித்துச் சொரசொரத்து, பழுப்புப் புள்ளிகள் அப்பி, கிழவியின் கைபோல இருந்தன. ஒரே நிறத்து இரண்டு பேருக்குள் இத்தனை வேற்றுமை ஏன் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

தலவிலக் கோயில் திருநாள் நெருங்கியபோது தாயும் மகளும் திரேசாவின் பழைய வெள்ளைச் சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தார்கள். கழுத்துப்பட்டியின் வலது பக்கம் துருபோல இரத்தக் கறை. முந்திய திருநாளுக்குத் தைத்துக் கொடுத்த சட்டையிலும் அதே இடத்தில் கறை பார்த்த ஞாபகம் எனக்கு. அளவெடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். வலது காதின் மேல்விளிம்பில் ஒரு சிறு புண். பொருக்குக் கட்டியிருந்தது, ஓரம் தடித்திருந்தது. "நோகுதா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணே. காயும், பிறகு உடையும், பிறகு காயும்" என்றாள்.

"கையை மணிக்கட்டு வரை நீளமா வைக்கிறேன். கழுத்தையும் உயர்த்தித் தைக்கிறேன். தலைக்கு ஒரு அகலத் தொப்பியும் போடட்டும்" என்றேன் அக்னேசம்மாவிடம். நல்லது சொல்லி நாய்க்கடி பட்ட கதைதான். சட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"என்ர பிள்ளையை மூடி மறைக்கச் சொல்லுறீரோ? பிறந்த அண்டைக்கே சொன்னாங்க, பாயில சுத்தி உள்ளுக்கு வையெண்டு. நான் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்க நடந்தனான். இனியும் நடப்பன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். அவளுக்கு அது வெட்கத்தைப் பற்றிய பேச்சாகக் கேட்டது. அவளை மடைச்சி என்று எண்ணியிருந்த எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. என் வீட்டில் யாரும் செய்யாததை அல்லவா அவள் செய்திருக்கிறாள்! அதனால் ஒளிக்காமல் அக்காவின் கதையைச் சொன்னேன். அக்னேசம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"பூட்டியா வச்சிருக்கிறீங்க? மனுசரா நீங்க?"

பிறகு அவளே குரல் இறங்கி, "அவட தோல் எப்பிடி?" என்று கேட்டாள். ஒரு புள்ளி இல்லை, ஒரு புண் இல்லை என்றேன். மகளின் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் வாடிக்குப் போகவில்லை. களப்பு நீரைக் கடந்து புத்தளம் ஆசுப்பத்திரிக்குப் போக வள்ளம் பேசிவிட்டு, என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஆசுப்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர். பூதக்கண்ணாடியால் காதை நெடுநேரம் பார்த்தார். "புற்று. ஆனா சின்னது, மேலோட இருக்கு. வெட்டி எடுத்தாச் சரி. இன்னும் ஒண்டு இரண்டு வருசம் விட்டிருந்தா வெட்டியும் பயன் இருந்திராது" என்றார். அக்னேசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரேசாதான் கேட்டாள், "தோடு போடலாமோ, டொக்டர்?" அவர் சிரித்துவிட்டார். "தோடு போடுற இடம் கீழ. நான் வெட்டுறது மேல."

பிறகு அவர் தாயை உட்காரவைத்துச் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். நம் தோலில் உள்ள கறுப்புத்தான் நமக்குக் கடவுள் கொடுத்த குடை. இந்தப் பிள்ளைக்கு அந்தக் குடை இல்லை. எத்தனை வெயில் காட்டினாலும் முளைக்காது. ஒவ்வொரு முறை வெயில் சுடும்போதும் மேலே ஆறிவிடும், உள்ளே சேதம் சேர்ந்துகொண்டே போகும். பூசிய எண்ணெயும் காக்கவில்லை. "உப்பளத்து வெள்ளைக்காரத் துரை தொப்பி இல்லாம வெளிக்கிடுறாரோ? பதவிக்குப் போடுறார் எண்டு நினைச்சீங்களாக்கும். அவருக்கும் இந்தப் பயம் இருக்கு." என் பக்கம் திரும்பி, ஊராரின் தோலை அளவெடுக்கிற உங்களைப்போல் யார் பார்க்கிறார்கள், கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்றார். வாரக்கணக்கில் ஆறாத புண், உருமாறுகிற மச்சம், மறுபடி உடைகிற பழைய தீக்காயத் தழும்பு, உள்ளங்காலில் பரவுகிற கறுப்புப் புள்ளி. கண்டால் அனுப்பச் சொன்னார். கறுத்தவர்களுக்குத் தோல் புற்று அரிதுதான், ஆனால் வராதென்று இல்லையாம்.

"அப்ப இவளை உள்ளுக்க வைக்கவோ?" என்று அக்னேசம்மா கேட்டபோது அவள் குரல் உடைந்தது.

"ஆர் சொன்னது? வெளிய போகட்டும். மூடிக்கொண்டு போகட்டும். மீன் பிரட்டுறதைக் காலமையும் பின்னேரமும் வச்சுக்கொள்ளட்டும், மத்தியானம் கொட்டிலுக்க."

மரத்துப்போக ஊசி போட்டு வெட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று காதின் மேல்பக்கம் கொஞ்சம் சப்பையாகியிருந்தது, அவ்வளவுதான். சுத்தமாக எடுத்தாயிற்று, ஆனால் அடிக்கடி வந்து காட்டவேண்டும் என்றார் டொக்டர். திரும்பி வந்ததும் அக்னேசம்மா நேரே என் விறாந்தைக்கு ஏறினாள். "தையும். கை முழுக்க, கழுத்து முழுக்க. ஆனா வெள்ளையும் வேணாம் கறுப்பும் வேணாம். என்ர பிள்ளை வாறது கடலில நிக்கிறவனுக்கும் தெரியோணும்."

கடையில் இருந்ததிலேயே கண்ணைப் பறிக்கிற சிவப்புப் பூச்சீத்தைத் துணியை அவளே எடுத்தாள். நான் துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் ஊசியாக ஒழுகினால் வெயிலும் ஒழுகும் அல்லவா? அது நெருக்கமான நெசவு, தாங்கியது. பனையோலையில் அகலத் தொப்பி முடைந்து வாங்கி, பிடரிக்கு அதே துணியில் ஒரு தொங்கலும் வைத்தேன். முதல் நாள் அவள் கடற்கரையில் இறங்கியபோது வாடியே வேலையை விட்டுப் பார்த்தது. "சிவப்புக் கப்பல் வருது!" என்று எவனோ கத்தினான். "வழி விடு, மோதப்போறன்" என்றாள் திரேசா. தொப்பியின் நிழலில் அவளுக்குக் கண் கூசாமல் தூரமும் தெரிந்ததாம். அதுவரை கடலையே சரியாகப் பார்த்ததில்லை என்றாள்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, ஊருக்குப் போகையில் மிச்சச் சீத்தையில் இன்னொரு சட்டை தைத்து, ஓர் ஓலைத் தொப்பியோடு கொண்டுபோனேன். உள்ளறையில் அக்கா அதை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். போட்டுக்கொண்டாள். கை, விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது.

"என்னலே இவ்வளவு நீளம்?"

"அது அங்க உள்ள ஒரு பிள்ளையோட அளவு, அக்கா. உன் அளவு எனக்குத் தெரியாதே. மடிச்சுத் தைச்சுத் தாரேன்."

"வேண்டாம்லே. விரலுக்கும் வெயில் ஆகாதுல்ல?"

திரேசாவின் கதை முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து ஓலைத் தொப்பியை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், வாசல் வழியாக இறங்கினாள். அம்மா "ஏட்டீ!" என்று கத்தியது கேட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா நிற்கவில்லை. கடற்கரை வந்ததும், "அந்தப் பிள்ளை எந்தத் திக்குலேலே இருக்கா?" என்றாள். தென்கிழக்கைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்து, சிவப்புக் கை காற்றில் ஆட ஆட, கையை உயர்த்தி அசைத்தாள். பின்னால் நின்ற எனக்கு அந்தச் சட்டையும் தொப்பியும் மட்டுந்தான் தெரிந்தன. எந்தக் கரையில் நிற்கிறேன் என்பது ஒரு கணம் பிடிபடவில்லை.