என் பெயரைச் சொல்லாத பத்திரிகை ஆசிரியர்

நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடாக நடந்த காலம். நான் குன்னத்துகாலிலிருந்து பாறசாலை வந்து பஸ் பிடித்து, திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். போராட்டத்தில் உன் பெயர் அடிபட்டால் அன்றோடு படிப்பு நின்றது என்று அப்பா சொல்லியிருந்தார்.

எங்கள் மாணவர்கள் நடத்திய சைக்ளோஸ்டைல் பத்திரிகை ஒன்று உண்டு. படு பழமைவாதம். மாணவர்கள் மேலே உள்ளவர்களுக்குக் கீழ்ப்படியணும், மன்னர் காலத்து எல்லையில் கை வைக்கக்கூடாது, ஊர்வலம் ஆகாது. மாசா மாசம் இதே பாட்டுதான். அதன் ஆசிரியர் பெருங்கடவிளைக்காரர், எனக்கு ஒரு வகுப்பு மேல். ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்கள் போராட்டத்துக்குப் போவது அடக்கமில்லை என்று ஒரு தடவை எழுதிவிட்டார். பெண்ணாய்ப் பிறந்த நான் விடுவேனா? நாலு பக்கம் மறுப்பு எழுதினேன். அவரைத் திட்டினேன், ஊர்வலம் போனவர்களை மிரட்டிய துறைத்தலைவரையும் விடவில்லை. என் பெயர் போடக்கூடாது என்று சொல்லி அந்தப் பத்திரிகை ஆசிரியர் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே வாசித்துவிட்டு, சரி என்றார். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே வந்தது. ஒரு வார்த்தை வெட்டவில்லை.

துறைத்தலைவர் கொதித்துப்போனார். எழுதியது யார் என்று சொல்லாவிட்டால் அட்டெண்டன்ஸ் கிடையாது, இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். கீழ்ப்படியச் சொல்லி எல்லோருக்கும் எழுதிய மனுஷர் வாயே திறக்கவில்லை.

கேள்விப்பட்டதும் அப்பா சொன்னதுதான் எனக்கு முதலில் நினைவு வந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில் அவரிடம் போய், "நானே போய்ச் சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம். வாக்கு குடுத்ததாக்கும். பின்னே, நீங்க எழுதினது அத்தனையும் தப்பு. அடுத்த இதழில் பதில் உண்டு" என்றார்.

பதில் வந்தது. என் வாதத்தைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார். தன் பரீட்சை போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அந்த வருஷமே பாஸானேன். அவருக்கு ஒரு வருஷம் போயிற்று.

எல்லை விஷயத்தில் என் எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆனால் அவரைப்போல ஒரு பத்திரிகைக்காரரை எல்லைப் போராட்டம் நடத்திய எங்கள் கட்சியில்கூட நான் பார்த்ததில்லை. அவர் வேண்டாம் என்றதால்தான் துறைத்தலைவரிடம் போகவில்லை என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். பயந்துபோய்த்தான் போகவில்லை என்பதை, அவருக்கு நான் பட்ட கடனாக, இன்று எழுதுகிறேன்.