சம்மதம் சொல்ல மறுத்த ஜாமீன்தாரர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். அன்று என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. நிறுத்த எழுந்தவர் முறைமாமன் இல்லை, பழைய பகையாளியும் இல்லை. என் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்!

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். எழுபதுகளில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் மரம் சீவுகிறவர்கள். அரசாங்கம் கடன் தரத் தயார், ஆனால் நிரந்தர அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். தோட்டம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி ஓர் ஆள் கிடையாது. தோட்டத்து முனையில் அரசாங்கச் சம்பளத்துக்கு ரயில் கேட் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர்தான் மிச்சம். சொந்தம் இல்லை, எங்கள் சாமியைக் கும்பிடுகிறவரும் இல்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அப்பா மென்று விழுங்கிக் கேட்டதும், "எங்க போடணும், சொல்லு லா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் மனைவி அதன் பிறகு பல நாள் அவரோடு பேசவே இல்லையாம்.

அப்புறம் ஆரம்பித்தது என் தலைவலி. "நீ பெயிலானா என் சம்பளத்துல போத்தோங் பண்ணிருவான், பிள்ள. வெட்டிட்டுத்தான் குடுப்பான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். நான் இளைத்துப் போனால் வீட்டுக் கோழி முட்டை வரும். இருமினால் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவார். விடுமுறைக்கு ரயிலில் வரும்போதெல்லாம் கேட்டில் பச்சைக் கொடியோடு நின்று, நான் முழுசாக வந்து சேர்கிறேனா என்று பார்ப்பார். ஒரு தடவை நான் பெட்டி வாசலில் சாய்ந்து நின்றதைக் கண்டு பதறிச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். வண்டியே நின்றுவிட்டது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அதையும் என் கணக்கில் எழுதினார்.

படித்து முடித்து ஈப்போவில் அரசாங்கப் பள்ளி ஆசிரியையானேன். கடனில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. ஐந்து வருடம் அரசாங்க வேலையில் இருந்தால் பாதி தள்ளுபடி. நடுவில் விட்டால் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். நான் கட்டாவிட்டால் அவர் தலையில் விடியும்.

இரண்டாவது வருடமே சித்தியவானிலிருந்து மாப்பிள்ளை வந்தார். அரசாங்கத்தில் தொழில்நுட்ப வேலை. சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப் போனது. "கடன் விசயத்த மூச்சு விட்றாத" என்றார் அம்மா. நானும் விடவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பெருமை தாங்காமல் பெண்களிடம், "கல்யாணம் ஆனதும் சிங்கப்பூர்தான். மகனுக்குக் கப்பல் பட்டறையில வேல கிடைச்சிருச்சு. மருமக வீட்டுல இருந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கே அது புதுச் செய்தி. பின்வரிசையில் இருந்த கேட் அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது.

தட்டு மாற்றும் நேரம். பெரியவர் ஒருவர் வழக்கம்போல, "சபையோருக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார். அது ஒரு பேச்சுக்குக் கேட்பது. எல்லாரும் "சம்மதம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பார்ப்பார்கள். ஆனால் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தால், தடை தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் பாவம். இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டார் அண்ணன்.

"எனக்குச் சம்மதம் இல்ல!" என்று எழுந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, "யாரு இந்த ஆளு? பொண்ணுக்கும் இவருக்கும் என்ன?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அலாமாக், ஐயையோ! தங்கச்சி மாதிரி லா! இவ படிச்ச கடனுக்கு நாந்தான் ஜாமீன். வேலய விட்டுட்டு சிங்கப்பூர் போயிட்டா யாரு கட்டுறது?"

எல்லாம் அம்பலம். "கடனோட வர்ற பொண்ணா? சொல்லவே இல்லயே!" என்று மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது அவர்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்தார். தபால் ஆபிஸ் குமாஸ்தா. "இரு, இரு. சிங்கப்பூரா? யாரக் கேட்டு சிங்கப்பூர்?"

"அண்ணே, சபையில வேணாம்..."

"சபையிலதான் கேப்பேன். உன் மகன் படிச்ச கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் குத்துக்கல்லாட்டம் உட்காந்திருக்கேன். எனக்கே தெரியாம வேலய விடுறானா?"

மாப்பிள்ளைக்கும் அதே கடன், அதே நிபந்தனை! அவர் வீட்டிலும் மூச்சு விடக் கூடாது என்றுதான் உத்தரவாம்.

இரண்டு ஜாமீன்தாரர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தனியாக உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசினார்கள். எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்கள்: சிங்கப்பூர் கிடையாது, மாப்பிள்ளை ஈப்போவுக்கு மாற்றல் கேட்க வேண்டும், கடன் தீரும்வரை இரண்டு பேரும் வேலையை விடக் கூடாது. பிள்ளை பெற்றுக்கொள்ள மட்டும் தடை இல்லை. மாப்பிள்ளை அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டு மாறியபோது கேட் அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாக, "இப்பச் சம்மதம்!" என்றார்.

காலம் ஓடியது. பாதிக் கடன் தள்ளுபடியாகி, மீதியையும் கட்டி முடித்ததும், கைக்குழந்தையோடு அவரைப் பார்க்கப் போனோம். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ கையிலிருந்த கொடியை மெல்லச் சுருட்டினார்.

"முடிஞ்சிருச்சா? அப்போ இனிமே நீ சாப்பிட்டியா, இருமுறியான்னு கேக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கு, பிள்ள?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் கணவர்தான் குழந்தையை அவர் கையில் கொடுத்து, "இவளும் படிக்கணுமே, அண்ணே. உங்க கையெழுத்து வேணும்" என்றார்.

கேட்டை ஒட்டிய வீட்டின் உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது: "பேனாவத் தொட்டா கைய ஒடிப்பேன்!"

அரசாங்கக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. நான் தேறுவேனா மாட்டேனா என்று யாருக்கும் தெரியாத நாளில் "எங்க போடணும், சொல்லு லா" என்றாரே, அந்தக் கடன் மட்டும் இன்னும் முழுசாக இருக்கிறது, அதைத் தீர்த்துவிட எனக்கு ஆசையும் இல்லை.