மாமா கொண்டுவந்த பேய்

போன வாரம் என் மகள் போனில் ஒரு கச்சேரியைக் காட்டினாள். மேடையில் ஒருவர் நின்று பாடுகிறார். இரண்டு அடி நடக்கிறார், கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிறார். கீழே நிற்கிற சனம் அழுகிறது, கூடவே பாடுகிறது. "இவரு செத்து ரொம்ப வருசமாச்சுப்பா," என்றாள் மகள். அதைக் கேட்டதும் சின்னவன் என் மடியில் ஏறி முகத்தை மூடிக்கொண்டான்.

"பயப்படாதடா. அது வெளிச்சத்துல வர்ற உருவம். மேடைக்கு நடுவுல கண்ணாடி மாதிரி ஒண்ணச் சாய்ச்சு வச்சிருப்பாங்க," என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். போனில் எதை எங்கே அழுத்துவது என்று தினமும் அவளிடம் கேட்கிற அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஆச்சரியம். அவளே தேடி வாசித்தும் சொன்னாள். பல தலைமுறைக்கு முன்பே சீமையில் சனத்தை இருட்டு மண்டபத்தில் உட்கார வைத்து, புகையின் மேல் பேயுருவங்களைக் காட்டினார்களாம். மறைவில் ஒருவர் ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணங்களைத் தேய்த்து வாசிப்பாராம். பாதிப் பயம் அந்தச் சத்தத்தால்தானாம். பின்னால் சாய்ந்த கண்ணாடி வந்தது, சினிமா வந்தது, இப்போது செத்துப்போன பாடகர்கள் வருகிறார்கள்.

அவள் வாசித்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வந்த உருவத்தைப் பற்றி அந்தப் போனில் ஒரு வரியும் இல்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன், பிள்ளைகளா. பிள்ளைக்காம்பரா என்றால் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய மாட்டேன் என்று ஊர் சுற்றியவர். பதுளையில் கார்னிவல் போட்டபோது அதில் 'பேய் வீடு' என்ற கூடாரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கார்னிவல்காரர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனதும் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வரும்போது பேயைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

பேய் என்றால் ஒரு கண்ணாடிதான். பதுளையில் ஒரு துணிக்கடை முதலாளி கடையைப் புதுப்பித்தபோது, முன்பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிச் சும்மா போட்டிருந்தாராம். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதைச் சாக்கில் சுற்றி, ரயில் கார்டைக் கெஞ்சிக் கூத்தாடித் தெமோதரை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அங்கிருந்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்கு நடுவே மேலே ஏறினார்கள். மலையில் நின்ற பெண்கள் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார்கள்.

"யாரு தம்பி, யாரு போயிட்டா?" என்று ஒருத்தி அழுகிற குரலில் கேட்டாள்.

"யாரும் போகலக்கா. இனிமேத்தான் வரப்போறாங்க," என்றார் மாமா.

அன்று மாலையே வீட்டில் அவர் எங்களுக்கு வித்தையைக் காட்டினார். மேசையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாய்த்து நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கிளாஸ். இந்தப் பக்கம், ஒரு ஓரமாக, அட்டைக்கு மறைவில் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்ததும் தண்ணீருக்குள்ளே தீ எரிந்தது. நான் கையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. "பாக்குறவன் நேரா பாப்பான். ஆளு ஓரத்துல நிக்கும். அம்புட்டுத்தான்டா பேய்," என்றார் மாமா. அப்பா அந்த நேரம் பெரியப்பாவோடு கோயில் வேலையாகப் போயிருந்தார். "மச்சான்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. திருவிழாவுல எல்லாரும் ஒண்ணாப் பயப்படணும்," என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தோம், அக்காவைத் தவிர. அக்கா அந்த வாரம் முழுவதும் யாரோடும் சிரித்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் பெரியப்பா.

அப்பாவின் அண்ணனான பெரியப்பா, கொழும்பில் ஒரு பெரிய பங்களாவில் டிரைவராக இருந்தார். தாய் தகப்பன் இல்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தது அவர்தான். அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திருவிழாவுக்கு வந்த பெரியப்பா, தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வீட்டம்மாவுக்குக் கூடமாட நிக்க ஒரு புள்ள வேணுமாம். நம்ம மூத்த புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன். தேர் முடிஞ்ச மறுநா ரயிலு. ஓ.எல். முடிச்சாச்சில்ல, பொம்பளப் புள்ளக்கி இதுக்கு மேல என்னாத்துக்குப் படிப்பு?"

அப்பா நின்றபடியே, "சரிண்ணே," என்றார்.

அக்காவுக்குப் பதுளையில் ஏ.எல். படிக்க வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்திருந்தது. எங்கள் லயத்து வீடுகளில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அம்மா அடுப்படியிலிருந்து அப்பாவைத் திட்டினார். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாயில்லயா? புள்ள மொகத்தப் பாருங்க."

"அண்ணன்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார். அக்காவின் உடுப்புப் பை சுவரில் ஆணியில் தொங்கியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். அக்கா போய்விட்டால் சன்னலோரம் படுக்கிற இடம் எனக்கு வரும். எட்டு வயதுப் புத்தி அவ்வளவுதான்.

பேயாக நிற்க மாமா முதலில் பேசி வைத்திருந்தது அவருடைய கூட்டாளி ஒருவரை. கண்ணாடி தூக்கும்போது நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர், வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். "நான் பேயா நிக்கிறப்ப நெசப் பேய் வந்து, நம்மாளுதான்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டா என்னடா செய்வ?" என்று கேட்டார். மாமா வேறு ஆள் தேடினார். கடைசியில் அக்காவிடம் வந்தார்.

"நீ நில்லு புள்ள. முடியப் பிரிச்சு விட்டுக்கிட்டு ஒரு பாட்ட முனகுனாப் போதும். எந்தப் படத்துல பேய் பாடாம வருது?"

அது உண்மைதான். அந்தக் காலத்து சினிமாவில் பேய்க்கு முகம் வருவதற்கு முன்னால் பாட்டு வந்துவிடும். நாங்கள் பிள்ளைகள் இருட்டில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்த அந்த முனகலைத்தான் போடுவோம். அக்கா பின்னலைப் பிரித்து முன்னால் போட்டாள். பிறகு, "சரி மாமா, போற எடத்துக்குப் பேயாவே போறேன்," என்றாள். மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்தது சத்தம். கார்னிவலிலிருந்து மாமா ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். அதில் காற்று ஊளையிடும், வயலின் அழும், யாரோ சிரிப்பார்கள். ஆனாலும் ஒரு துணைக்கு, தோட்டமே சித்தப்பா என்கிற தப்பு மேளக்காரரையும் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்தில் அவர் கை பட்டால் தோல் பேசும் என்பார்கள்.

"பேய் வர்றப்ப பயப்படுற மாதிரி ஒரு அடி அடிங்க," என்றார் மாமா.

"பயத்துக்குன்னு தனியா அடி இல்ல மாப்ள. கல்யாணத்துக்கு இருக்கு, சாமிக்கு இருக்கு, சாவுக்கு இருக்கு."

"அப்பச் சாவு அடிய அடிங்க."

சித்தப்பா பதறிப்போனார். "கோயில்ல காப்புக் கட்டியிருக்குடா. தேர் முடியாம சாவு அடி அடிச்சா தோட்டமே என்னயப் பொதச்சிரும். கேசட்டையே போடு. நான் சும்மா ஓரமாக் குந்தியிருக்கேன்."

திருவிழாவின் இரண்டாம் நாள். பகல் அன்னதானம் முடிந்து, சனம் பாயாசக் கையோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தது. சன்னல்களையெல்லாம் கொழுந்துச் சாக்கால் அடைத்திருந்தார்கள். வெளியே வெயில், உள்ளே கன்னங்கரேல் இருட்டு. எதிரே மேடை மாதிரி ஒரு வெற்றிடம், அதற்கு முன்னால் கண்ணாடி சாய்ந்து நின்றது. ஆனால் கண்ணாடி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. இடது ஓரத்தில் ஒரு சாக்குத் திரை. திரைக்குப் பின்னால் அக்கா. அவளுக்கு எதிரே, பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பெரிய பல்ப். மூடியை மெல்லத் திறந்தால் அக்கா மேல் வெளிச்சம் விழும். அவள் உருவம் மேடையில் எழும். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். பெரியப்பாவுக்கு மட்டும் நாற்காலி.

மாமா கேசட்டைப் போட்டார். காற்று ஊளையிட்டது. பிள்ளைகள் அம்மாமாரைக் கட்டிக்கொண்டார்கள். டின்னின் மூடி திறந்தது. இருட்டுக்குள் புகை போல ஒரு வெள்ளை எழுந்தது. அதற்குத் தலைமுடி வந்தது, கை வந்தது. அவ்வளவு நேரம் சரியாகத்தான் போனது. அப்போது பார்த்து ரேடியோப் பெட்டி கேசட் நாடாவைத் தின்றுவிட்டது. வயலின் ஒருமுறை இழுத்து மாடு மாதிரிக் கத்தி நின்றுபோனது.

"சித்தப்பா, எதாச்சும் அடிங்க!" என்று மாமா இருட்டில் கெஞ்சினார்.

சித்தப்பா அந்த உருவத்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை தானாகத் தப்பில் விழுந்தது. காப்புக் கட்டிய நாளில், எதிரே வெள்ளையாக ஒரு பெண் எழுந்து நிற்கும்போது, அந்தக் கைக்கு வேறு என்ன தெரியும்? கரகம் சோடித்துப் பாலிக்கும்போது சாமியை அழைக்கிற அடியை அடித்தார்.

பிள்ளைகளா, ஒரு நொடியில் பேய் அம்மனாகிவிட்டது. உருவம் அதேதான், சேலையும் அதேதான். முன்வரிசைப் பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி ஆட ஆரம்பித்தாள். யாரோ கற்பூரத்தட்டை ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா டின் மூடியைப் பிடித்தபடி முழித்துக்கொண்டிருந்தார். மூடினால் சாமியை விரட்டிய பாவம், மூடாவிட்டால் கற்பூரத்தோடு வந்து கண்ணாடியில் முட்டிக்கொள்வார்கள். ஊரை ஏமாற்றியதாக அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.

"தாயி, யாரு நீ? எங்ககிட்ட என்ன கொறயக் கண்ட?" என்று ஒரு பெண் கேட்டாள்.

சித்தப்பா அடியை நிறுத்தினார். சாமி பதில் சொல்லும்போது தப்பு பேசக்கூடாது, அது வழக்கம். உருவம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அப்போது என் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். கோயிலில் எல்லாரும் குறி கேட்கும்போது ஓரமாக நின்று விபூதியை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற மனிதர் அவர். துண்டை இடுப்பில் கட்டினார்.

"தாயி," என்றார். "எம் மூத்த மகளக் கொழும்புக்கு அனுப்புறதா எங்கண்ணனுக்குச் சொல்லு குடுத்திருக்கேன். அந்தப் புள்ள போகட்டுமா, வேணாமா? ஒன் வாயால ஒரு வார்த்த சொல்லிரு. அதும்படி நடந்துக்கிறேன்."

கற்பூரம் படபடவென்று எரிந்தது.

"வேணாம்," என்றது உருவம். சின்னக் குரல். பிறகு கொஞ்சம் பலமாக, "அனுப்பாத. அவ படிக்கட்டும்."

குலவை கூரையைத் தூக்கியது. அப்பா கும்பிட்டுவிட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பினார். "அண்ணே, கேட்டீங்கல்ல. நான் என்னண்ணே செய்யிறது?"

"ஆத்தா உத்தரவுக்கு மேல நீ என்னடா, நான் என்னடா," என்றார் பெரியப்பா. அவர் கண்ணெல்லாம் தண்ணீர். மாமா அந்த நேரம் பார்த்து மூடியை மூடினார். சாமி மலையேறியது.

தேர் முடிந்த மறுநாள் பெரியப்பா தனியாக ரயில் ஏறினார். அக்கா கொஞ்ச நாளில் வெள்ளைச் சீருடை போட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினாள். மாமாவுக்கு நல்ல பேர் வந்தது. பண்டாரவளைப் பக்கத்து இசைக்குழுக்காரர்கள் அவரைத் தேடிவந்து, மேடையில் பாட்டு நடக்கும்போது காற்றில் ஒரு பெண் ஆடவேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் கண்ணாடி அவரிடம் இல்லை. சன்னல் சாக்கை அவிழ்த்ததும் கண்ணாடியைப் பார்த்த கோயில்காரர்கள், அம்மன் வந்த கண்ணாடி வீட்டில் இருக்கக்கூடாது என்று எடுத்துப்போய், அளவாக வெட்டி, சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

நாங்கள் சத்தியத்தைக் காப்பாற்றினோம். அப்பா சாகும்வரை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவரை எல்லாருமாகச் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்று வெகுகாலம் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா எழுந்து நின்று கேட்டாரே, அப்போது கூடம் முழுவதும் மேடையைத்தான் பார்த்துக் கும்பிட்டது. அப்பா மட்டும் இடது பக்கம், சாக்குத் திரையைப் பார்த்துக் கேட்டார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, சாமி அங்க இருக்கு," என்று மேடையைக் காட்டினேன். "ம்," என்றார். திரும்பவில்லை. பதில் வரும்வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாவம் அப்பா, சாமி எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது.