நான்கு நிமிடக் கதவு

2004ஆம் வருடம் ஜூலை மாதம், வளைகுடா நாடு ஒன்றின் விமான நிலையத்தில் நடந்தது இது. நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு எட்டு வரிகளுக்கு மேல் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கங்கள் எழுதியிருக்கிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். எண்ணெய்த் தொட்டிகளின் இரும்புத் தகடு எவ்வளவு தேய்ந்துபோயிருக்கிறது என்று கருவி வைத்து அளப்பது என் தொழில். மணலியிலும் எண்ணூரிலும் தொட்டிகளுக்குப் பஞ்சமில்லை; வேலைக்கும் குறைவில்லை. கருவியை வைக்கும் இடத்தில் துருவோ பெயிண்ட்டோ துளியும் இருக்கக்கூடாது. அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கித் தருபவர் என் கூட்டாளி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருந்தார். என்னைவிட மூன்று வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை, ஆட்கள் முன்னால் சார் என்றும் தனியாக இருக்கும்போது நைனா என்றும் கூப்பிடுவார்.

அவர் கையுறை போடமாட்டார். போட்டால் துருவின் பொடிப் பருக்கள் தெரியாதாம். தேய்த்த இடத்தை விரல் நுனியால் ஒரு தடவு தடவி, "இங்க பள்ளம் கீது, பார்த்து வை" என்பார். நான் கருவியை வைத்தால் அந்த இடத்தில் தகடு கனம் குறைந்திருக்கும். பெரும்பாலும் அவர் விரல் சொன்னதைத்தான் என் கருவி எண்ணாகச் சொல்லும்.

வளைகுடாவில் ஒரு தொட்டி நிறுவனம் எங்கள் இருவருக்கும் வேலை விசா எடுத்துத் தந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய், பதினைந்து நாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவோம். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. காகிதம் என் பொறுப்பு, சாமான் அவர் பொறுப்பு. பாஸ்போர்ட்டை மட்டும் அவரவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாக் காகிதமும் என் நீல ஃபைலில் வரிசையாக இருக்கும். கருவிப் பெட்டி, பிரஷ், துணிப்பைகள் எல்லாம் அவர் கையில்.

அங்கே போய் இறங்கினால், பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் குடியேற்ற வரிசைதான் பெரிய வேலை. மூன்று நான்கு விமானங்கள் சேர்ந்தாற்போல் வந்துவிடும். இரண்டு மணி நேரம் சாதாரணம். எனக்கு அது பெரிய வேதனை. எத்தனை மணிக்கு நின்றேன், எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்திருக்கிறேன். அவருக்கோ அது ஒரு திருவிழா. எழுதத் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து என்னிடம் கூட்டி வருவார். "சார், இவருக்கும் ஒரு ஃபாரம் எழுதிக் குடு. நம்ம ஆளு."

"எந்த ஊராம் அண்ணே?"

"கர்நூலாம்."

"அப்புறம் எப்படி நம்ம ஆளு?"

"க்யூல நம்ம பின்னாடிதானே நிக்கறாரு."

இப்படி நான் எழுதிக்கொடுத்த படிவங்களுக்குக் கணக்கே இல்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு புதிய வசதியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அடிக்கடி வந்துபோகிறவர்கள் விரல் ரேகையைப் பதிந்து ஓர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். பிறகு வரிசையே கிடையாது. அட்டையைச் செருகினால் ஒரு கதவு திறக்கும். உள்ளே போய் விரலை வைத்தால் அடுத்த கதவு திறக்கும். அவ்வளவுதான். தொட்டி நிறுவனமே எங்களுக்கு மனுப் போட்டுத் தருவதாகச் சொன்னது.

சேரலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். நாட்குறிப்பில் கோடு போட்டு, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுதினேன். சாதகம் ஏழு. பாதகம் மூன்று: அந்நிய அரசாங்கத்திடம் என் ரேகை போய்விடும், அட்டை தொலைந்தால் அலைச்சல், இயந்திரம் பழுதானால் என்ன ஆகும் என்று தெரியாது. என் மனைவி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவு படிச்சிட்டு கடைசியில கைநாட்டு வைக்கத்தான் இந்த யோசனையா? போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்வளவு யோசிக்க விடமாட்டாங்க" என்றாள்.

அந்தப் பத்துக் காரணங்களில் என் கூட்டாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் என்னோடு சேர்ந்து அட்டை வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கும் ஆசை இருந்தது. "வாங்கிடலாம் நைனா. நின்னு நின்னு முட்டி பேஜாராப் பூடுது" என்றார்.

மே மாதம் வேலை முடிந்து ஊர் திரும்பும் நாளில், விமான நிலையத்திலேயே இருந்த பதிவு அறைக்குப் போனோம். எனக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து அட்டை கைக்கு வந்துவிட்டது. அடுத்து அவர் உட்கார்ந்தார். வலது ஆள்காட்டி விரலை வைத்தார். இயந்திரம் கூவியது. மறுபடி வைத்தார். மறுபடியும் கூவியது. அங்கே இருந்த அதிகாரிப் பெண் பொறுமைசாலி. துணியால் துடைக்கச் சொன்னாள். கை கழுவி வரச் சொன்னாள். தன் பையிலிருந்து கிரீம் எடுத்துக்கொடுத்துத் தடவச் சொன்னாள். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அவர் கையைத் தன் பக்கம் திருப்பி விளக்கடியில் பார்த்தாள். ரேகையே இல்லை. சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மன்னிக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னாள்.

அவரும் தன் விரல்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இத்தினி வருசமா நான் துருவைத் தேச்சிகினு கீறேன்னு நெனச்சேன். அது என்னிய தேச்சிகினு இருந்துகீது பாரேன்."

என் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன் என்பது அவருக்கும் தெரிந்தது. "இன்னாத்துக்கு? நீ முன்னாடி போய் பையை எடுத்துவை. நான் பின்னாடியே வந்துடறேன். ரெண்டு பேரும் உள்ள நின்னா நம்ம பை அங்க தனியா சுத்திகினு இருக்கும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த பயணம் ஜூலையில். காலை பத்து நாற்பதுக்கு இறங்கினோம். வரிசை வழக்கம்போல் வளைந்து வளைந்து நின்றது. அவர் அதன் வாலில் போய் நின்றார். நான் அட்டையைச் செருகினேன், விரலை வைத்தேன். பத்து ஐம்பத்தெட்டுக்கு உள்ளே போய், பதினொன்று இரண்டுக்கு வெளியே வந்தேன். நான்கு நிமிடம். எனக்கு இருந்த பெருமிதத்தை மறைப்பானேன்? சாமான் வரும் இடத்தில் நின்றுகொண்டே அதை நாட்குறிப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

எங்கள் பைகள் வந்தன. எடுத்து வைத்துக்கொண்டேன். பன்னிரண்டே காலுக்கு, சாமான் சுற்றிவரும் பெல்ட் நின்றுவிட்டது. வரிசை நீளம், வந்துவிடுவார் என்று இருந்தேன். எங்கள் விமானத்தில் வந்த முகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து வந்த குடும்பமும் போய்விட்டது. ஒரு மணி ஆனது. அவர் வரவில்லை. செல்போன் எங்கள் இருவரிடமும் கிடையாது.

ஒன்று பத்துக்கு, எங்களைக் கூட்டிப்போக வரும் வண்டியின் எண்ணைப் பார்க்க நீல ஃபைலைத் திறந்தேன். இரண்டாவது உறையில் அவருடைய அனுமதித் தாள் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் விசா பாஸ்போர்ட்டிலேயே ஒட்டியிருந்தது, காலமும் மீதி இருந்தது. அவருடைய பழைய விசா அந்த மாதம் முடிந்துபோனதால் புதிதாக ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சென்னையில் விமானம் ஏறும்போது அந்தத் தாளை நான்தான் காட்டினேன். பத்திரமாகத் திரும்ப வாங்கி, அதன் இடத்திலேயே செருகி வைத்தேன். காகிதம் என் பொறுப்பு அல்லவா? அந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டு நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அவர் கையில் விசாக் காலம் முடிந்த பாஸ்போர்ட் மட்டும்தான் இருந்தது.

திருப்பி அனுப்பினால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். பிறகு அந்த நாட்டில் கால் வைக்க முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அவருடைய மூத்த மகள் அப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். இந்த வேலையை நம்பித்தான் அவளைச் சேர்த்திருந்தார்.

பைகளைப் போட்டது போட்டபடி ஓடினேன். வந்த கதவு இந்தப் பக்கத்திலிருந்து திறக்காது. காவலாளியிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். உள்ளே போக அனுமதி இல்லை, வெளியே விசாரணை மேசைக்குப் போ என்றான். வெளியே போய்விட்டால் திரும்ப வரவே முடியாது. என் ஆங்கிலம் அப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதென்று தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்குப் படிவம் எழுதிக் கொடுத்தவன், என் ஆளுக்காக நான்கு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் நின்றேன்.

அந்தக் கூடத்துக்கும் குடியேற்றக் கூடத்துக்கும் நடுவே நீளமான கண்ணாடிச் சுவர் ஒன்று இருந்தது. அதை ஒட்டியே நடந்தேன். கடைக்கோடியில் ஒரு பெஞ்சு தெரிந்தது. திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் கூட்டாளி. பக்கத்தில் இருந்த ஒருவர் தலையைத் தொங்கப்போட்டிருக்க, இவர் அவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கையில் பிஸ்கட் பாக்கெட்.

கண்ணாடியைத் தட்டினேன். சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. தாளை விரித்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து, மேசையில் இருந்த அதிகாரியிடம் கையை நீட்டி என்னைக் காட்டினார். அதிகாரி மெதுவாக நடந்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தாளைப் படித்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த ஒரு கதவைச் சாண் அகலம் திறந்து கையை மட்டும் நீட்டினார். கொடுத்தேன். கதவு மூடிக்கொண்டது.

இன்னும் இருபத்தைந்து நிமிடம் கழித்து என் கூட்டாளி வெளியே வந்தார்.

"பையெல்லாம் வந்துச்சா?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பைகளைப் போட்ட இடத்தைக் கையால் காட்டினேன். அவரே போய்ப் பைகளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வண்டியில் ஏறியதும் கேட்டேன். "ஏண்ணே, பேப்பர் என்கிட்ட இருக்குன்னு சொல்லியிருக்கலாமே? என் பேரைச் சொன்னா மைக்கில கூப்பிட்டிருப்பாங்களே?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பேப்பர் வரும், பேப்பர் வரும்னு சொல்லிகினேதான் இருந்தேன். யாராண்ட கீதுன்னு கேட்டான். சொல்லல."

"ஏன்?"

"இன்னொருத்தன் பேப்பரை நீ எட்த்துகினு வந்துட்டேன்னு, உன் கார்டைப் புடுங்கிக்கினான்னா? அத்தினி நாள் கோடு போட்டு யோசிச்சு வாங்கினது. இன்னிக்குத்தான் மொத தபா போட்ட." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு நைனா. அந்தாண்ட குந்திகினு இருந்தவன் பாவம், எட்டு மணியிலேர்ந்து துன்னவே இல்ல. நான் அங்க போனதால அவனுக்கு ரெண்டு பிஸ்கட்டாச்சும் கெடச்சிது" என்றார்.

நான் சேரலாமா வேண்டாமா என்று யோசித்த அந்த அட்டையைப் பற்றி என்னைவிட அவர்தான் அதிகம் யோசித்திருக்கிறார். வேலையே போகும் நிலையிலும் அது என் கையை விட்டுப் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்று மாலையே அவருடைய காகிதங்களைத் தனியாகப் பிரித்து, புது ஃபைல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் அதற்குள் சோப்பு உறை, பழைய செய்தித்தாள், மகளின் பரீட்சை நேர அட்டவணை எல்லாம் சேர்ந்துவிட்டன.

அடுத்த பயணத்தில் இறங்கியதும் நான் அவரோடு வரிசையில் போய் நின்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா, என்னிய தொலஞ்சிபோற கொழந்தன்னு நெனச்சிக்கினியா? என் பேப்பரு என்கிட்ட கீது. போ, போய் கதவைத் தொற." மூன்று தரம் விரட்டினார். நான் நகரவில்லை. நாட்குறிப்பு பாக்கி இருக்கிறது, நின்றுகொண்டே எழுதப்போகிறேன் என்று சொன்னேன். சற்று நேரம் முறைத்தார். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி, சும்மா நிக்காத. அந்த ஆளுக்கு ஒரு ஃபாரம் எழுது" என்றார்.

அட்டையின் காலம் முடியும்வரை நான் அதை இரண்டாம் முறை பயன்படுத்தவில்லை. அன்று அவர் எனக்காக இழக்கத் துணிந்தது எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியாது. சொன்னால் சிரிப்பார். அதனால் நானும் சொன்னதில்லை. ஆனால் ரயில் நிலையமோ வங்கியோ கல்யாணப் பந்தியோ, எங்கே சேர்ந்து போனாலும் அவரை முன்னால் விட்டு, அவர் முதுகு என் கண்ணில் படும்படி ஓரடி பின்னாலேயே இன்றும் நான் நடந்து வருகிறேன்.